ஆலும் பனையும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளே!

எல்லாப் புகழும் அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும், அவர்தம் வழி நடந்த நல்லடியார்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதை தென்னாட்டிலேயே மிகப் பழமையானது. 1856-ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் ரயில் ஓடியது இந்தத் தடத்தின் வழியாகத்தான். இன்று அந்த மின்சார ரயிலில் ஏறி அமர்ந்தால் திருநின்றவூருக்கு அடுத்து வேப்பம்பட்டு வருகிறது. பிறகு செவ்வாப்பேட்டை ரோடு. புட்லூரும் திருவள்ளூரும் கடந்து இன்னும் மேற்கே போனால் திருவாலங்காடு வருகிறது. வேம்பின் பெயரால் ஓர் ஊர். ஆலங்காட்டின் பெயரால் ஓர் ஊர். நம் முன்னோர்கள் எந்த மரத்தின் நிழலில் குடியேறினார்களோ, அந்த மரத்தின் பெயரையே ஊருக்கும் சூட்டினார்கள். பெயர்ப் பலகையில் மரம் இருக்கிறது. ஊரில் எத்தனை மரம் இருக்கிறது என்பதைத்தான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஊருக்கு ஒரு மரம் அடையாளமாக இருப்பதைப் போலவே நாட்டுக்கும் ஒரு மரம் அடையாளமாக இருக்கிறது. நம் இந்திய நாட்டின் தேசிய மரம் ஆலமரம். தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. இந்த இரண்டையும் ஒரு முஸ்லிம் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் இந்த மாதம் நாம் சிந்திக்கப் போகிறோம்.

ஒரு தாயின் கேள்வி

இப்படி ஒரு தலைப்பு எதற்கு என்று சிலர் எண்ணலாம். செவ்வாப்பேட்டைப் பக்கம் ஒரு குடும்பத்தில் எழுந்த கேள்விதான் இதற்குக் காரணம். பள்ளிக்கூடத்தில் தேசியச் சின்னங்களைப் பற்றிப் பாடம் நடத்திய ஆசிரியை, பிள்ளைகளிடம் ஆளுக்கொரு மரக்கன்றைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது ஆலங்கன்று. பிள்ளை மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்து, “அத்தா, இதை எங்கே வைக்கட்டும்?” என்று கேட்டது. தகப்பனாருக்குத் தயக்கம். “இது மற்றவர்கள் சுற்றி வந்து கும்பிடுகிற மரமாயிற்றே, நம் கையால் வைக்கலாமா?” என்றார். பாட்டியார் அதற்கு மேலே போய், “ஆலமரத்தில் ஜின் குடியிருக்கும், வாசலில் வைக்காதேப்பா” என்று பயமுறுத்திவிட்டார். கன்று மூன்று நாளாய்த் திண்ணையில் வாடிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளையின் தாயார்தான், “ஹஜ்ரத், எது சரி? பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?” என்று கேட்டனுப்பினார்.

சகோதரர்களே! இது சிறிய கேள்வி அல்ல. ஒரு பக்கம் நம் உயிரினும் மேலான தவ்ஹீத் இருக்கிறது. மறு பக்கம் அல்லாஹ் படைத்த ஒரு பச்சைக் கன்று இருக்கிறது. ஒன்றைக் காப்பதாக நினைத்து மற்றொன்றை வாட விடுவது மார்க்கமா? அந்தப் பிள்ளையின் உள்ளத்தில் என்ன பதிகிறது என்பதையும் நாம் பார்க்க வேண்டாமா?

சின்னம் என்றால் என்ன?

முதலில் சின்னம் என்பது எது என்று தெரிந்துகொள்வோம். மனிதர்களைப் பல சமூகத்தாராகவும் கோத்திரத்தாராகவும் ஆக்கியது ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வதற்காகவே என்ற கருத்தை அல்லாஹுதஆலா ஸூரத்துல் ஹுஜ்ராத்தில் (49:13) உணர்த்துகிறான். ஆகவே இனம், நாடு, மொழி என்ற வேறுபாடுகள் அறிமுகத்துக்கு உரியவை. ஆணவத்துக்கு உரியவை அல்ல. நாயகம் (ஸல்) அவர்கள் காலத்துப் படைகளிலும் கொடிகள் இருந்தன. கொடியைப் பார்த்து, இது இன்னாருடைய அணி என்று அறிந்தார்கள். அந்தக் கொடியை எவரும் வணங்கவில்லை.

அப்படித்தான் இன்று ஒவ்வொரு நாடும் தனக்கென்று அடையாளங்களை வைத்திருக்கிறது. நம் மூவர்ணக் கொடியை அரசியல் நிர்ணய சபை 1947 ஜூலை 22-ஆம் நாள் ஏற்றுக்கொண்டது. சாரநாத்தில் கிடைத்த சிங்கத் தூண் 1950 ஜனவரி 26 முதல் அரசின் இலச்சினையாக இருக்கிறது. மயில் 1963-இல் தேசியப் பறவையாயிற்று. புலி 1973-இல் தேசிய விலங்காயிற்று. நம் மாநிலத்துக்குப் பனை மரமும், செங்காந்தள் மலரும், மரகதப் புறாவும், வரையாடும் சின்னங்கள். 2019-இல் ‘தமிழ் மறவன்’ என்னும் வண்ணத்துப்பூச்சியும் அவற்றோடு சேர்ந்தது.

முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் நாடுகளைப் பாருங்கள். ஸவூதி அரேபியாவின் அரசுச் சின்னத்தில் குறுக்காக வைத்த இரண்டு வாள்களுக்கு மேலே ஒரு பேரீச்ச மரம் நிற்கிறது. பாகிஸ்தானின் தேசிய மரம் தேவதாரு. பங்களாதேஷ் 2010-இல் மாமரத்தைத் தன் தேசிய மரமாக அறிவித்தது. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்து வாழும் லெபனான் நாட்டின் கொடி நடுவே 1943 முதல் ஒரு கேதுரு மரம் இருக்கிறது. பக்கத்து இலங்கையில் 1986 முதல் நாக மரம் தேசிய மரம். மரத்தைச் சின்னமாக வைப்பதே மார்க்கத்துக்கு முரண் என்றால், இரு புனித ஹரம்கள் அமைந்த நாட்டின் சின்னத்தில் பேரீச்ச மரம் எப்படி இடம்பெறும்? சிந்திக்க வேண்டும்.

இப்னு உமர் (ரலி) அவர்களின் மௌனம்

மரத்தை உவமையாகக் காட்டிப் பாடம் புகட்டுவது நம் மார்க்கத்துக்குப் புதியதல்ல. நல்ல வாக்கியத்துக்கு ஒரு நல்ல மரத்தை அல்லாஹ் உவமை கூறுகிறான். அதன் வேர் உறுதியாக ஊன்றியிருக்கிறது. கிளையோ வானளாவி நிற்கிறது. தன் இறைவனின் அனுமதியோடு எல்லாக் காலத்திலும் அது கனி தருகிறது. கெட்ட வாக்கியமோ பூமியின் மேற்பரப்பிலிருந்து பிடுங்கப்பட்டு நிலையற்றுப் போன மரம் போன்றது. ஸூரா இப்ராஹீமின் (14:24–26) கருத்து இது.

கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் ஒருநாள் தம் தோழர்களிடம், இலை உதிராத ஒரு மரம் உண்டு, அது முஸ்லிமுக்கு உவமை, அது எது என்று வினவினார்கள். சஹாபாக்களின் சிந்தனை காட்டு மரங்களை எல்லாம் சுற்றி வந்தது. அவையில் வயதில் சிறியவரான அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு அது பேரீச்ச மரம் என்று பட்டது. ஆனால் பெரியவர்கள் வாய்திறவாதிருக்கையில் தாம் பேச வெட்கப்பட்டு மௌனமாக இருந்துவிட்டார்கள். பின்னர் நபியவர்களே அது பேரீச்ச மரம் என்று கூறினார்கள். மகன் இதைச் சொன்னபோது, நீ அப்போதே சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சியாயிருந்திருக்கும் என்று தந்தை உமர் (ரலி) அவர்கள் கூறினார்கள். புகாரி ஷரீபில் வரும் செய்தி இது.

பார்த்தீர்களா! அரபு நாட்டு மக்களுக்கு அவர்கள் மண்ணில் முளைத்த மரத்தைக் கொண்டே நாயகம் (ஸல்) அவர்கள் பாடம் நடத்தினார்கள். நம் மண்ணின் மரத்தைக் கொண்டு நம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த நம்மால் முடியாதா?

ஆலமரம் சொல்லும் பாடம்

ஆலமரத்தையே எடுத்துக்கொள்வோம். திருக்குர்ஆனின் 95-ஆவது அத்தியாயத்துக்கு ‘அத்தீன்’ என்று பெயர். அத்தி என்பது அதன் பொருள். அத்தியின் மீதும் ஜைத்தூனின் மீதும் சத்தியம் செய்து அல்லாஹ் அந்த அத்தியாயத்தைத் தொடங்குகிறான். தாவரங்களை ஆராய்ந்தவர்கள் அத்தி, ஆல், அரசு மூன்றையும் ஒரே இனத்தில்தான் வைத்திருக்கிறார்கள். நாம் ‘மாற்றாரின் மரம்’ என்று ஒதுக்கும் ஆலும் அரசும், அல்லாஹ் சத்தியமிட்டுச் சொன்ன அத்தியின் உடன்பிறப்புகள்!

ஆலம்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே பூக்கள் இருக்கும். வெளியே தெரியாத அந்தப் பூக்களுக்கு மகரந்தம் கொண்டு சேர்ப்பதற்கென்றே ஒரு சின்னஞ்சிறு குளவியை அல்லாஹ் படைத்திருக்கிறான். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தப் பூச்சி, பழத்தின் நுனியிலுள்ள நுண்ணிய துவாரம் வழியே உள்ளே புகுந்து தன் கடமையை முடிக்கிறது. அந்தக் குளவி இல்லையென்றால் ஆலம்விதை இல்லை. ஆல் இல்லையென்றால் அந்தக் குளவி இல்லை. கடுகிலும் சிறிய அந்த விதையைப் பறவைகள் தின்று எச்சமிட, அதிலிருந்து ஏக்கர் கணக்கில் நிழல் பரப்பும் மரம் எழுகிறது. மரங்களை முளைக்க வைக்கும் ஆற்றல் உங்களுக்கு இல்லை என்று ஸூரத்துந் நம்லில் (27:60) இறைவன் நினைவூட்டுவதன் பொருள், ஓர் ஆலங்கன்றைக் கையில் வைத்துப் பார்க்கும்போது எவ்வளவு தெளிவாக விளங்குகிறது!

கல்கத்தாவுக்கு அருகே ஹவுராவில் உள்ள தாவரவியல் பூங்காவில் 250 ஆண்டுகளைக் கடந்த ஓர் ஆலமரம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புயல்களில் அடிபட்ட அதன் நடுமரத்தில் நோய் பிடித்துவிட்டதால் 1925-இல் அதை வெட்டி அகற்றிவிட்டார்கள். ஆயினும் 3,000-க்கும் மேற்பட்ட விழுதுகளின் பலத்தால் அந்த மரம் இன்றளவும் பரந்து விரிந்து நிற்கிறது. நம் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரமும் அப்படித்தான். 1989-இல் வீசிய புயலில் அதன் தாய்மரம் சாய்ந்தது. விழுதுகள் மரத்தைக் காத்தன.

சகோதரர்களே! நம் குடும்பங்களையும் ஜமாஅத்துகளையும் இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தாய்மரம் போன்ற பெரியவர்கள் ஒருநாள் சாயத்தான் செய்வார்கள். அது அல்லாஹ்வின் நியதி. விழுதுகள் மண்ணைத் தொட்டிருந்தால் மரம் நிற்கும். அந்தரத்திலேயே ஆடிக்கொண்டிருந்தால் மரத்தோடு அவையும் சாயும். “ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி” என்று கல்யாண வீட்டில் வாழ்த்துகிறோமே, நம் பிள்ளைகளை மார்க்கக் கல்வியில் வேரூன்றச் செய்யாமல் அந்த வாழ்த்து எப்படிப் பலிக்கும்?

பனை சொல்லும் பாடம்

இனிப் பனைக்கு வருவோம். செவ்வாப்பேட்டை, கும்மிடிப்பூண்டிப் பகுதிகளில் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் வரிசை வரிசையாகப் பனைகள் நின்ற காலத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். சல்லி வேர்களால் கரையை இறுகப் பிடித்து மண் சரியாமல் காத்தவை அவை. ஒரு பனை முதன்முதல் பாளை விட 12 முதல் 20 ஆண்டுகள் ஆகும். நட்டவன் உண்பான் என்ற உறுதி இல்லாத மரம். ஆயினும் நம் பாட்டன்மார்கள் நட்டார்கள். அவர்கள் நட்ட மரத்தின் நுங்கைத்தான் கோடை நோன்பில் இஃப்தாருக்கு நாம் உண்டோம்.

பனையிலே ஈமானுக்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. பாளையைச் சீவிக் கலயம் கட்டும்போது கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அதில் இறங்குவது பதநீர். உடலுக்குக் குளிர்ச்சி; காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு தடவாவிட்டால் அதே சாறு புளித்துக் கள்ளாகிவிடுகிறது, ஹராமாகிவிடுகிறது. மரம் ஒன்று, பாளை ஒன்று, சாறும் ஒன்று. கலயத்தில் இருக்கும் ஒரு விரல் சுண்ணாம்புதான் ஹலாலுக்கும் ஹராமுக்கும் நடுவே நிற்கிறது. பேரீச்சை, திராட்சைக் கனிகளிலிருந்து மனிதர்கள் போதைப் பொருளையும் எடுக்கிறார்கள், நல்ல உணவையும் எடுக்கிறார்கள், சிந்திக்கும் மக்களுக்கு இதில் அத்தாட்சி உண்டு என்ற கருத்தை அல்லாஹ் ஸூரத்துந் நஹ்லில் (16:67) கூறுகிறான். நம் உள்ளம் என்னும் கலயத்தில் இறையச்சம் என்ற சுண்ணாம்பு தடவியிருக்கிறோமா? தடவியிருந்தால் சம்பாத்தியம் பதநீராக இறங்கும். இல்லாவிட்டால் அதே சம்பாத்தியம் புளித்துப் போகும்.

நம் சமுதாயத்துக்கும் பனைக்கும் உள்ள உறவு நெருக்கமானது. இதே மாவட்டத்தின் கிழக்குக் கரையிலுள்ள பழவேற்காட்டில் முஸ்லிம் பெண்மணிகள் பனையோலையில் கூடையும் பெட்டியும் முடைந்து, பர்தாவும் மரியாதையும் குன்றாமல் வீட்டிலிருந்தே குடும்பத்தைத் தாங்கி வந்திருக்கிறார்கள். பனை போனால் அந்தக் கைத்தொழிலும் போய்விடும்.

ஆனால் என்ன நடந்தது? மாநில மரம் என்று பெயர் சூட்டிய பின்னும் செங்கற் சூளைகளுக்கு விறகாகப் பனைகள் வெட்டுப்பட்டன. வயல்கள் மனைப்பிரிவுகளாயின, தொழிற்சாலைகளும் கிடங்குகளும் எழுந்தன. வேலையும் வீடும் மக்களுக்குத் தேவைதான். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பனைக்கு ஈடாக ஒரு பனங்கொட்டையையாவது ஊன்றினோமா? கடைசியில் 2021-ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில், பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று தமிழக அரசு அறிவித்தது. 76 லட்சம் பனை விதைகளை விநியோகிக்கும் திட்டமும் அதில் இடம்பெற்றது. சின்னம் என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் ஒன்றும் நடந்துவிடாது. அந்தச் சின்னத்தைக் காக்கும் கை வேண்டும். ‘முஸ்லிம்’ என்ற பெயர் மட்டும் இருந்து தொழுகை இல்லாதவனுக்கும் இதுவே உவமை.

மதிப்பு எது? வணக்கம் எது?

இப்போது அந்தத் தகப்பனாரின் தயக்கத்துக்கு வருவோம். அவருடைய அச்சத்தை நாம் இலேசாக எண்ணிவிடக் கூடாது. ஈமான் உள்ள நெஞ்சுக்குத்தான் அந்த அச்சம் வரும். மரத்தின் விஷயத்தில் மனிதர்கள் வழி தவறியது உண்மை என்பதற்கு ஹதீஸே சான்று.

மக்கா வெற்றிக்குப் பின் ஹுனைன் நோக்கிச் செல்லும் வழியில், இணைவைப்போர் தங்கள் ஆயுதங்களைத் தொங்கவிட்டுப் புனிதமாகக் கருதிய ‘தாத்து அன்வாத்’ என்னும் மரம் ஒன்று இருந்தது. புதிதாக இஸ்லாத்தைத் தழுவிய சிலர், எங்களுக்கும் இப்படி ஒரு மரத்தை ஏற்படுத்தித் தாருங்கள் என்று நபியவர்களிடம் கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் திடுக்கிட்டு இறைவனைத் துதித்து, இது மூஸா நபியின் சமூகத்தார் தங்களுக்கும் ஒரு கடவுளை ஆக்கித் தரக் கேட்டதைப் போன்றதாயிற்றே என்று கண்டித்தார்கள். திர்மிதியில் பதிவான செய்தி இது.

அதே நேரத்தில் மற்றொரு மரத்தையும் நினைவுகூருங்கள். ஹிஜ்ரி 6-இல், அதாவது கி.பி. 628-இல், ஹுதைபிய்யாவில் ஒரு மரத்தடியில்தான் சுமார் 1,400 தோழர்கள் நாயகத்தின் திருக்கரம் பற்றி உறுதிமொழி தந்தார்கள். அம்மரத்தடியில் நடந்த பைஅத்தை அல்லாஹ் பொருந்திக்கொண்டதாகத் திருக்குர்ஆனே (48:18) சான்று பகர்கிறது. குர்ஆனில் இடம்பெற்ற மரம்! இதைவிட மதிப்பு ஒரு மரத்துக்கு வேறென்ன வேண்டும்? ஆயினும் பிற்காலத்தில் மக்கள் அந்த இடத்தைத் தேடிச் சென்று தொழத் தொடங்கியதைக் கேள்வியுற்ற கலீபா உமர் (ரலி) அவர்கள் அம்மரத்தை வெட்டிவிடும்படி உத்தரவிட்டதாக இப்னு ஸஅத் பதிவு செய்துள்ளார்.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளிலிருந்தும் நாம் பெறும் சட்டம் என்ன? மரத்திடம் எதையும் கேட்பது, மரத்துக்கு நேர்ச்சை செய்வது, அதனால் நன்மை தீமை விளையும் என்று நம்புவது – இவை அனைத்தும் இணைவைப்பின் வாசல்கள். மரத்தை நடுவது, அதற்கு நீர் ஊற்றுவது, அதன் நிழலில் இளைப்பாறுவது, அதை நாட்டின் அடையாளம் என்று அறிவது – இவற்றில் எதுவும் வணக்கம் ஆகாது. பிறர் ஒன்றை வணங்குகிறார்கள் என்பதற்காக அந்தப் பொருள் நமக்கு ஹராமாகிவிடுவதில்லை. சூரியனை வணங்குவோரும் உலகில் இருக்கிறார்கள். அதற்காக நாம் வெயிலை வெறுக்கிறோமா? சூரியனும் சந்திரனும் மலைகளும் மரங்களும் தனக்கே ஸுஜூது செய்கின்றன என்று அல்லாஹ் (22:18) அறிவிக்கிறான். ஸுஜூது செய்யும் ஒன்றுக்கு நாம் எப்படி ஸுஜூது செய்வோம்? ஸுஜூது செய்யும் ஒன்றை நாம் ஏன் காரணமின்றி வெட்டுவோம்?

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அயலாரின் ஆலமரத்தைக் குறை கூறும் நாம், நம் பெண்களில் சிலர் பிள்ளை வரம் வேண்டி மரக்கிளையில் நூலும் தொட்டிலும் கட்டுவதைக் கண்டும் காணாதிருக்கலாமா? ஜின் குடியிருக்கும் என்று பிள்ளைகளை மிரட்டுவதும் இதைச் சேர்ந்ததே. ஜின்களைப் படைத்தவன் அல்லாஹ். அவர்கள் இருப்பது உண்மை. ஆனால் அவன் நாட்டமின்றி எதுவும் நமக்குத் தீங்கு செய்ய முடியாது. ஆயத்துல் குர்ஸி ஓதக் கற்றுக் கொடுக்க வேண்டிய பிள்ளைக்கு, மரத்தைக் கண்டு அஞ்சக் கற்றுக் கொடுக்கிறோம்!

நம் மண்ணின் மரம்

நாட்டு மரம் என்று பெருமை பேசுவதிலும் ஓர் அளவு வேண்டும். அரபிக்கு அரபி அல்லாதவரை விட மேன்மை இல்லை, இறையச்சத்தாலன்றி என்று உலகுக்கு உணர்த்திய உம்மத் நாம். மரங்களிலும் அப்படித்தான். புளியமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. ஆனால் அரபு வணிகர்கள் அதை ‘தமர் ஹிந்தி’, இந்தியப் பேரீச்சை என்று அழைத்தார்கள். இன்று புளி இல்லாத தமிழ்ச் சமையல் உண்டா? வந்த இடத்தில் பயன் தந்து வாழ்ந்ததால் அது இந்த மண்ணின் மரமாகிவிட்டது.

சீமைக் கருவேலமோ வேறு விதம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அது, ஏரியையும் கண்மாயையும் மேய்ச்சல் நிலத்தையும் வளைத்துப் பிடித்து மற்றச் செடிகளை முளைக்க விடாமல் செய்தது. 2017-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டது. 2022-இல் தமிழக அரசு இத்தகைய அயல் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையையே வகுத்தது. மக்களுக்கு இடையூறாக வழியில் இருந்த ஒரு மரத்தை வெட்டி அகற்றிய மனிதர் சுவர்க்கத்தில் உலவக் கண்டதாக நபி (ஸல்) அவர்கள் நவின்றுள்ளார்கள் (முஸ்லிம்). பாலைவெளியில் வழிப்போக்கருக்கும் பிராணிகளுக்கும் நிழல் தரும் இலந்தை மரத்தை அநியாயமாக வெட்டுபவருக்கோ நரகத்தைக் கொண்டு எச்சரித்துள்ளார்கள் (அபூதாவூத்). இரண்டும் ஒரே நாவிலிருந்து வந்தவை. எந்த மரம் என்பதல்ல கணக்கு. அதனால் படைப்புகளுக்கு விளைவது நன்மையா தீமையா என்பதே கணக்கு.

2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையையும் திருவள்ளூரையும் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே நாளில் சாய்ந்ததை நாம் கண்ணால் கண்டோம். மறுநாள் வெயில் அடித்தபோதுதான் நிழலின் அருமை தெரிந்தது. நிஃமத்து கையை விட்டுப் போன பின் வருந்துவதை விட, இருக்கும்போதே ஷுக்ரு செய்வது மேலல்லவா?

என்ன செய்யலாம்?

ஒரு முஸ்லிம் மரம் நட்டு, அதிலிருந்து மனிதனோ பறவையோ பிராணியோ உண்டால் அது அவருக்கு ஸதக்காவாகிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளினார்கள் (புகாரி, முஸ்லிம்). கியாமத்து நெருங்கிவிட்ட வேளையில் உங்கள் கையில் ஒரு கன்று இருந்து அதை நட முடியுமானால் நட்டுவிடுங்கள் என்ற கருத்திலும் ஒரு ஹதீஸ் உண்டு (அஹ்மத்). ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்கள் அடிமைத் தளையிலிருந்து விடுபட 300 பேரீச்சங்கன்றுகள் நட வேண்டியிருந்தபோது, தம் திருக்கரத்தாலேயே கன்றுகளை ஊன்றியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள்.

ஆகவே அந்தத் தாய்க்கு நாம் சொல்லும் பதில் இதுதான்: பிஸ்மில்லாஹ் சொல்லிப் பிள்ளையின் கையாலேயே அந்த ஆலங்கன்றை நடச் செய்யுங்கள். ஆனால் வீட்டுச் சுவரருகே வேண்டாம். அதன் வேர் அஸ்திவாரத்தைப் பிளந்துவிடும். ஜின்னுக்குப் பயந்து அல்ல, சுவருக்குப் பயந்து! ஏரிக்கரையோ, பொது மைதானமோ, விசாலமான மையவாடியோ பார்த்து, உரியவர்களிடம் அனுமதி பெற்று நடுங்கள். வீட்டு முற்றத்துக்கு வேம்பும், புங்கனும், முருங்கையும், மருதோன்றியும் போதும்.

ஜமாஅத்தார்களுக்கும் ஒரு விண்ணப்பம். பள்ளிவாசல் ஹவுளைச் சுற்றி ஒழுச் செய்த நீர் தினமும் சாக்கடையில் கலக்கிறது. அதை ஒரு வாய்க்காலில் திருப்பி நாலு வேப்ப மரத்துக்கு விட்டால் ஐவேளையும் அந்த நீர் நன்மையாகப் பாயும். மையவாடியில் மதில் எழுப்பும்போது நிற்கும் மரங்களை விட்டுக் கட்டுங்கள். இரண்டு கப்ருகள் மீது பசும் பேரீச்சங்கிளையை ஊன்றி, அவை காயாதிருக்கும் வரை வேதனை இலேசாக்கப்படலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரியில் இருக்கிறது. பசுமைக்கு மையவாடியில் இடம் இல்லையென்றால் வேறெங்கு இடம்? வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு இளைஞர்களை அழைத்துச் சென்று ஏரிக்கரையில் பனங்கொட்டை ஊன்றுங்கள். அயல்வீட்டுச் சகோதர சமயத்தாரையும் உடன் அழையுங்கள். அவர் மரத்தைப் பற்றி என்ன நம்புகிறார் என்பது அவருக்கும் இறைவனுக்கும் இடையே உள்ளது. நம் இருவர் பிள்ளைகளும் அமரப் போவது ஒரே நிழலில்.

மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். மக்கள் இளைப்பாறும் நிழலில் அசுத்தம் செய்வதை நபியவர்கள் சாபத்துக்குரிய செயலாக எச்சரித்திருப்பதை (அபூதாவூத்) மறவாதீர்கள். பிள்ளை பள்ளியில் “நம் தேசிய மரம் எது?” என்ற கேள்விக்கு ஆலமரம் என்று எழுதட்டும். வீட்டில் “அந்த மரத்தைப் படைத்தது யார்?” என்று நீங்கள் கேளுங்கள். இரண்டு பதிலையும் சரியாகச் சொல்லும் பிள்ளைதான் நாட்டுக்கும் நல்ல குடிமகன், அல்லாஹ்வுக்கும் நல்லடியான்.

யா அல்லாஹ்! எங்கள் ஈமானை வேர் ஊன்றிய நல்ல மரமாக ஆக்குவாயாக! எங்கள் சந்ததியினரை மண்ணைத் தொட்ட விழுதுகளாக ஆக்குவாயாக! எங்கள் சம்பாத்தியத்தைப் புளித்துப் போகாமல் காப்பாயாக! நாங்கள் நட்டு, பிறர் உண்டு, நாங்கள் மண்ணறையில் உறங்கும்போதும் நன்மை வந்து சேரும் ஸதக்கத்துல் ஜாரியாவை எங்களுக்கு வழங்குவாயாக! எங்கள் நாட்டையும் அதன் மக்கள் அனைவரையும் நிழலிலும் நிம்மதியிலும் வைப்பாயாக! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!